தளஞானியும் காலித் தராசும்

தளஞானி வரப்போகிறார் என்று தெரிந்ததும் கடைத்தெருவில் பாதிக் கடைகள் பட்டப்பகலிலேயே பூட்டப்பட்டன. பூட்டுக்காரருக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம். பூட்டப்பட்டதில் முக்கால்வாசி அவர் விற்ற பூட்டு.

வியாபாரிகள் சங்கக் கூடத்தில் நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். சுவரும் கிடைக்காதவர்கள் ஜன்னலில் ஏறிக்கொண்டார்கள். இதே கூடத்தில் போன மாதம் நடந்த சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் இரண்டு பேர் வேறு ஏதோ கூட்டம் என்று நினைத்து வந்தவர்கள்.

தெரு முழுக்க ஊதா நிறத்தில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். "உங்கள் கடையின் இணையதளம் மூச்சுத் திணறுகிறதா? வந்தவர் வாங்காமல் போகிறாரா? தளதோஷம் நீங்க ஒரே ஒரு தொடுதல்." வந்தவர் எல்லோரும் வாங்கிக்கொண்டு போகிற கடை உலகத்தில் எங்கே இருக்கிறது என்று சுவரொட்டியைப் பார்த்து ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கூட்டத்தில் இடம் போய்விடும் என்று பயந்திருப்பார்கள்.

மேடைக்கு வந்தவர் டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். துறவி மாதிரி தாடி வைத்திருந்தார். காலணி மட்டும் விற்பனைக்கு வருகிறவர்கள் போடுகிற பளபளப்பான ரகம். ஒருவர் எந்த வகை ஆளை நம்புகிறவராக இருந்தாலும் சரி, அவருக்கு வேண்டியது தளஞானியின் உடம்பில் எங்கேயாவது ஓர் இடத்தில் இருந்தது.

வைத்திய முறை சுலபம். கடைக்காரர் தன் தளத்தைத் திரையில் திறந்து காட்ட வேண்டும். தளஞானி அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். உடம்பு ஒரு குலுக்கு குலுக்கும். பிறகு நோயைச் சொல்வார்.

"வடகிழக்கு மூலையில அடைப்பு இருக்கு" என்றார் மெத்தைக் கடைக்காரரின் தளத்தைத் தொட்டு. மெத்தைக் கடைக்காரர் அழுதேவிட்டார். அவருடைய தளத்தில் மெத்தைப் படங்கள் ஒவ்வொன்றும் நிஜ மெத்தையைப் போலவே கனமாக இருந்ததால் பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் ஒரு தூக்கம் போட்டுவிடலாம் என்பதுதான் நிஜமான நோய். ஆனால் அதைச் சொல்ல உள்ளங்கை தேவையில்லையே.

அடுத்து நம் பூட்டுக்காரரின் முறை வந்தது.

அவருடைய தளம் ஒற்றைப் பக்கம். அவருடைய அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து செய்து கொடுத்தது. "கதவு திறக்கவில்லையா? கூப்பிடுங்கள்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே தொலைபேசி எண், கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவில். கடை எந்தத் தெரு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று இரண்டு வரி. சாவிக்கொத்தோடு அவர் சிரிக்கிற படம் ஒன்று. அவ்வளவுதான். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு நாளைக்கு ஐந்தாறு அழைப்பு வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் மட்டும் கொஞ்சம் மந்தம். மந்தமான வாரத்தில்தான் மனிதனுக்கு ஞானிகள் தேவைப்படுகிறார்கள்.

தளஞானி கையை வைத்தார். குலுங்கினார். சட்டென்று கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"இந்த நம்பரைக் கூட்டிப் பார்த்திருக்கீங்களா தம்பி?"

"இல்லைங்க ஐயா."

"எட்டு வருது. எட்டை எழுதிப் பாருங்க. மேல ஒரு வட்டம், கீழ ஒரு வட்டம், ரெண்டும் மூடியிருக்கு. கூப்பிடறவங்க உள்ளேயே சுத்திட்டிருப்பாங்க. வெளியே வர வழியே இல்லை."

மூடியது, திறந்தது என்றே வாழ்க்கை நடத்துகிறவருக்கு இது மிகவும் பொருத்தமாகப் பட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்த எண்ணில் ஆறு வருடமாக ஆயிரக்கணக்கானோர் கூப்பிட்டு, பேசி, கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் போய்த் தூங்கியிருக்கிறார்கள். அது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, பூட்டுக்காரர் உட்பட.

பரிகாரங்கள் வரிசையாக வந்தன. எண்ணை எடுத்துவிட வேண்டும். தெருப் பெயரையும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் கடையின் வாசல் ஆகாத திசையில் இருக்கிறது. "நகரத்தின் இதயத்தில்" என்று போட்டுக்கொள்ளலாம். கடை நேரம் போடவே கூடாது, அது வருமானத்துக்கு எல்லை கட்டும். "காலம் கடந்த சேவை" என்று போட வேண்டும். சிரிக்கிற முகத்தின் மேல் ஊர்க்கண் படும். அந்தப் படத்துக்குப் பதிலாகத் தளஞானியின் காப்புச் சின்னமான சுழலும் கண்ணை வைக்க வேண்டும். ஊதா நிறத் தளத்தின் மேல் ஊதா நிற எழுத்து. வருகிறவர் கண்ணைத் தொட்டால்தான் உள்ளே விடும். தொட்டவுடன் மணி அடிக்கும். உள்ளே போனால் ஒரு படிவம் இருக்கும். பெயர், பிறந்த தேதி, பிறந்த நேரம். நிரப்பினால் படிவம் முதலில் தளஞானியிடம் போய்ச் சுத்தமாகிப் பிறகு கடைக்காரருக்கு வந்து சேரும்.

கடைசியாக, பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி. அதில் "வருகையாளர்கள்" என்று எழுதி ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும்.

பூட்டுக்காரர் அன்று மாலையே எல்லாவற்றையும் செய்துகொண்டார். கேட்ட காணிக்கையைக் கொடுத்தார். இணைய இணைப்புப் பெட்டிக்குத் தளஞானி விற்ற செம்பு வளையம் ஒன்றும் மாட்டினார். கடைக் கணினியில் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தார். பன்னிரண்டு என்றது. அவர் ஒரு சாவியை அராவி முடிப்பதற்குள் நாற்பது ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் மூவாயிரத்தைத் தாண்டியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துக் கடை சலவைக்காரர் வந்து பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு போய்த் தன் தளத்துக்கும் ஒரு கண் வாங்கி மாட்டினார்.

போன் மட்டும் அடிக்கவில்லை.

முதல் மாதம், "வேலை நடந்துகிட்டிருக்கு, தோஷம் மெல்லத்தான் இறங்கும்" என்றார் தளஞானி. இரண்டாம் மாதம், "வர்றாங்க இல்ல? எண்ணிக்கையைப் பாருங்க. வந்தவங்க கூப்பிடலைன்னா உங்க நம்பிக்கையிலதான் ஏதோ ஓட்டை" என்றார். வியாதியும் அவரே சொன்னது, மருந்தும் அவரே கொடுத்தது, குணமாகாதது மட்டும் நோயாளியின் தப்பு. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன்தான்.

மூன்று மாதத்தில் படிவம் ஒன்றே ஒன்று வந்து சேர்ந்தது. "அவசரம். சாவி உள்ளே, நான் வெளியே" என்று பெயர் கேட்ட இடத்தில் யாரோ தன் போன் எண்ணோடு எழுதியிருந்தார். அது சுத்தமாகி வருவதற்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பூட்டுக்காரர் ஒரு மரியாதைக்கு அந்த மனிதரைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இப்போது நிலைமை இதுதான். இந்த மாதக் கடைசிக்குள் போன் அடிக்காவிட்டால் கடையை மூடிவிட்டு மாமனாரின் ஆணிக்கடையில் போய் உட்கார வேண்டும். மாமனார் கல்யாணத்தன்றே சொன்னவர்: "ஒரு பூட்டை நம்பிப் பொண்ணைக் குடுக்கறேன். பார்ப்போம்." பதினாறு வருடமாக அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். போன வாரம் ஒரு முக்காலியைத் துடைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருப்பதாக மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த முக்காலி பூட்டுக்காரரின் கனவில் வர ஆரம்பித்தது. கனவில் அதற்கு மாமனாரின் மீசை வேறு இருந்தது.

அந்த நிலையில்தான் நர்ஸம்மா கடைக்கு வந்தாள்.

பழைய வாடிக்கையாளர். வீட்டுக் கதவு, பீரோ, பெட்டி எல்லாம் இவர் கை பட்டதுதான். வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணே, உங்க போன் நம்பர் என்னண்ணே?"

"ஏம்மா, என்னாச்சு?"

"நம்பரைச் சொல்லுங்க. தெரிஞ்சுக்கணும். நேத்து சாயங்காலம் எங்கப்பா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு. உள்ள தாழ்ப்பாள். எழுந்து வந்து திறக்க முடியல. என் போன் புதுசு, உங்க நம்பர் அதுல இல்ல. உங்க தளத்தைத் திறந்தா ஒரு கண்ணு சுத்துது. சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. தொட்டா மணி அடிக்குது. எங்கப்பா உள்ள முனகறாரு, இங்க மணி அடிக்குது. அப்புறம் நான் பிறந்த நேரம் கேக்குது. நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன்னு அவரைத்தான் கேக்கணும், அவருதான் உள்ள கிடக்காரு."

பூட்டுக்காரர் அராவிக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்தார்.

"அக்கம்பக்கத்து ஆளுங்க கடப்பாறையால உடைச்சுத் திறந்தாங்க. நாப்பது நிமிஷம் ஈரத்தரையில கிடந்திருக்காரு. இடுப்பு தப்பிச்சது, கையில எலும்பு விரிசல் விட்டிருக்கு. உங்க கடை இருக்கான்னே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. அதான் நேர்ல பார்க்க வந்தேன்."

பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பூட்டுக்காரர் கையிலிருந்த அரத்தையும் மேசையில் போட்டார். குளியலறைத் தாழ்ப்பாளை அவர் ஒன்றரை நிமிடத்தில் திறந்திருப்பார். அவளுடைய வீட்டுக்கு இங்கிருந்து நடந்தே ஆறு நிமிடம். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆணிக்கடை முக்காலிகூட அதற்கு முன்னால் பெரிதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்காவைத் தெருவே தராசக்கா என்றுதான் சொல்லும். எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசு உண்மை பேசுகிறதா என்று பார்க்கிற வேலை. அவள் தெருமுனையில் திரும்பினால் போதும், எத்தனையோ கடைக்காரர்களின் கட்டைவிரல்கள் தராசுத் தட்டைவிட்டுத் தாமாகவே இறங்கும். தான் செய்து கொடுத்த பக்கத்தைத் தம்பி கிழித்துப் போட்டுவிட்டு ஊதாக் கண்ணை மாட்டியதிலிருந்து அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஏன்டா, ஒருத்தன் வந்து, 'இந்தச் சாவியைச் செவ்வாக்கிழமை வெட்டினதால பூட்டுல சேரல'ன்னு சொன்னா நீ என்ன சொல்லுவே?"

"பல்லு தேஞ்சிருக்கும், காட்டுங்கன்னு சொல்லுவேன்."

"அந்தப் புத்தி உன் தளத்துக்கு மட்டும் எங்கடா போச்சு?"

"ஆனா அக்கா, ஜனங்க வர்றாங்களே. நர்ஸம்மா தேடின அந்த ஒரு மணி நேரத்துல மட்டும் முன்னூறு பேர் வந்திருக்காங்க. எண்ணிக்கையில இருக்கே."

"முன்னூறு பேரு வந்தும் ஒருத்தரும் கூப்பிடலையா?"

"நம்பர்தான் இல்லையே."

இதைச் சொல்லும்போதுதான் தான் சொல்வது என்ன என்று அவருக்கே காதில் விழுந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "புதுத் தராசு வந்தா நான் முதல்ல என்ன பண்ணுவேன் தெரியுமா? எடைக்கல்லெல்லாம் அப்புறம். தட்டைக் காலியா வெச்சுப் பார்ப்பேன். ஒண்ணுமே வைக்காதப்ப முள்ளு சைபர்ல நிக்கணும். நிக்கலைன்னா அந்தத் தராசு மேல வேற என்ன வெச்சுப் பார்த்தும் பிரயோஜனமில்ல. உன் எண்ணிக்கைப் பெட்டியையும் காலியா வெச்சுப் பார்க்கணும்."

"இப்பவே பார்த்துடலாமே."

"கூடாது. கடைக்காரனை நிக்க வெச்சுக்கிட்டு அவன் கண்ணு முன்னாடிதான் சோதிக்கணும். எங்க ஆபீஸ் விதி அது. நாளைக்கு வர்றாரில்ல உங்க ஞானி?"

வரத்தான் செய்தார். மறுநாள் கூடத்தில் முன்பைவிடக் கூட்டம். வாசலில் சங்கச் செயலாளர் பூட்டுக்காரரைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "யோவ், உன்னை ரெண்டு வாரமா தேடறேன். மேடைக்குப் பின்னாடி அறையில சந்துப் பக்கக் கதவு இருக்கே, அந்தப் பூட்டு சிக்கிக்கிச்சு. உள்ளேயிருந்து திறக்கவே மாட்டேங்குது. உன் தளத்துல நம்பரையே காணோமேய்யா." பூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

தளஞானி மேடையில் அன்று இன்னும் செழிப்பாக இருந்தார். மேடைக் கணினியிலிருந்து பூட்டுக்காரரின் தளத்தைப் பெரிய திரையில் போட்டார். கண் சுழன்றது. மணி அடித்தது. அடியில் எண் ஓடியது.

"பாருங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி இந்தத் தம்பியைத் தேட ஆளில்லை. இன்னிக்கு நாப்பத்தோராயிரம் பேர் வந்திருக்காங்க."

கூடம் கைதட்டியது. நாற்பத்தோராயிரத்துக்குச் சொந்தக்காரர் முதல் வரிசையில் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்.

தராசக்கா எழுந்தாள். கைதட்டல் பாதியில் தயங்கியது. மளிகைக் கடைக்காரர்கள் இரண்டு பேர் பழக்கத்தில் நாற்காலிக்கு அடியில் குனிந்தார்கள்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம். இந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் எது வழியா வருது?"

"இந்த நீல ஒயர் வழியா" என்று செயலாளர் முந்திக்கொண்டு சொன்னார். சங்கச் செலவில் அவர் போட்ட ஒயர்.

"சரி. இதைப் பிடுங்கினா வெளியிலேருந்து ஒரு ஈ, காக்காகூட இந்தத் திரைக்கு வர முடியாது. அப்போ எண்ணிக்கை அப்படியே நிக்கணும், இல்லையா?"

தளஞானி பதில் சொல்வதற்குள் அவள் மேடையேறி ஒயரைப் பிடுங்கிவிட்டாள். திரையின் மூலையில் இணைப்பு இல்லை என்று ஒரு சிவப்புக் குறி வந்தது. கூடத்தில் எல்லோரும் எண்ணைப் பார்த்தார்கள்.

நாற்பத்தோராயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. இருநூற்று இருபத்தொன்று. இருநூற்று இருபத்துநான்கு.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏழு வினாடிக்கு மூணு பேர். பிசகாம வர்றாங்க. ரொம்ப ஒழுங்கான ஜனங்க."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார். தளஞானி அசரவில்லை. கண்ணை மூடித் திறந்து நிதானமாகச் சொன்னார்: "அது சூட்சும வருகை. ஒயர் வழியா வராம எண்ணத்தாலேயே தளத்தை வந்து தொடறவங்க. உலகம் முழுக்க இருக்காங்க."

"ஓ" என்று மெத்தைக் கடைக்காரர் கையைக் குவித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கூடத்தில் பாதிப் பேர் அதையும் ஏற்றுக்கொண்டு தலையாட்டினார்கள். ஒயரைப் பிடுங்கலாம். ஊறிப்போனதைப் பிடுங்குவதற்கு அதைவிடக் கொஞ்சம் நேரமாகும்.

"அப்படின்னா சூட்சுமமா வர்றவங்க கதவும் சூட்சுமமாவே திறந்துக்கும், விடுங்க" என்றாள் அக்கா. "உடம்போட இருக்கறவங்களைக் கேப்போம். இங்க இருநூறு பேர் இருக்கீங்க. எல்லார் கையிலயும் போன் இருக்கு. உங்க வீட்டுச் சாவி தொலைஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க. என் தம்பி தளத்துக்குப் போய் நம்பரைக் கண்டுபிடிச்சு அவனைக் கூப்பிடுங்க. முதல்ல கூப்பிடறவங்களுக்கு ஒரு பூட்டு இலவசம்."

இலவசம் என்றதும் ஆன்மிகம் அரை நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது. இருநூறு தலைகள் குனிந்தன. பூட்டுக்காரர் எழுந்து தன் போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இருநூறு போனிலும் கண் சுழன்றுகொண்டிருந்தது. பிறகு ஒரு மணி அடித்தது. பிறகு பத்து. பிறகு கூடம் முழுக்க இருநூறு மணிகள் ஒரே நேரத்தில் கணகணவென்று அடிக்க, ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர் காதைப் பொத்தப் போய்க் கீழே விழுந்தார்.

"எழுத்தே தெரியலையே, ஊதாவுல ஊதா."

"என்னமோ பிறந்த நேரம் கேக்குதுய்யா."

"தெரு பேரு எங்கே? நகரத்தின் இதயமாம். இதயத்துல எந்தப் பக்கம்?"

இத்தனை இரைச்சலுக்கு நடுவில் அடிக்காமல் இருந்த ஒரே பொருள் பூட்டுக்காரரின் கையில் இருந்த போன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று முன்தினம் சாயங்காலம் ஒரு குளியலறைக் கதவுக்கு வெளியே ஒருத்தி இப்படித்தான் நின்றிருப்பாள் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெரிய மனிதர் மீது கோபம்.

"ஐயா, உங்க நம்பர் என்ன?" என்று கேட்டார்.

தளஞானி கோட்டைச் சரி செய்துகொண்டார். "அது எதுக்கு இப்போ?"

"பரவாயில்லைங்க, நானே பார்த்துக்கறேன்."

பூட்டுக்காரர் போனில் தளஞானியின் தளத்தைத் தேடினார். கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. மேலேயே தடிமனாகத் தொலைபேசி எண். கீழே அலுவலகம் எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை. தளஞானி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம் ஒன்று. கண் இல்லை. மணி இல்லை. படிவம் இல்லை.

அவர் போனை அப்படியே பக்கத்திலிருந்த சலவைக்காரரிடம் கொடுத்தார். சலவைக்காரர் எண்ணை உரக்கப் படித்தார். படித்துக்கொண்டே பழக்கதோஷத்தில் விரல் விட்டுக் கூட்டினார்.

"முப்பத்தஞ்சு வருது. மூணும் அஞ்சும்..." என்று நிறுத்தினார். "எட்டு."

கூடத்தில் ஒரு மணியும் இப்போது அடிக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் தியானம் பண்ணிட்டு வந்து விளக்கறேன்" என்றார் தளஞானி. மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போனார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. தியானத்துக்குத் தாழ்ப்பாள் அவசியம்தான் போலிருக்கிறது.

ஜனங்கள் கதவைத் தட்டினார்கள். தங்கள் தளங்களிலும் கண் சுழல்கிறதே என்ற ஞாபகம் ஒவ்வொருவருக்காக வந்துகொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீல ஒயரைத் திரும்பச் சொருகிவிட்டு மேடைக் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"பாஸ்வேர்டு சொல்லுடா."

பூட்டுக்காரர் காதில் சொன்னார். அவள் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்த பழைய பக்கத்தை ஏற்றினாள். திரையில் கண் மறைந்தது. "கதவு திறக்கவில்லையா? கூப்பிடுங்கள்." கீழே எண். தெரு. நேரம். சாவிக்கொத்தோடு சிரிக்கிற பூட்டுக்காரர். மூன்று மாதம் கழித்து அந்த முகத்தைப் பார்த்ததும் சொந்தக்காரர் ஊரிலிருந்து திரும்பியது போல அவருக்கு இருந்தது.

அப்போது போன் அடித்தது.

அடித்தது தன் போன்தான் என்று அவர் நம்புவதற்கு அது இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது. சலவைக்காரர்தான் கையில் வைத்திருந்தார். திரையைப் பார்த்துவிட்டு அவர் புருவத்தை உயர்த்தினார். "யோவ், இந்த நம்பரை இப்பதான் நான் கூட்டினேன்."

அக்கா விரலால் சைகை காட்டினாள். பூட்டுக்காரர் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுப் பேசினார்.

"சொல்லுங்க."

"பூட்டுக்காரரா? அவசரம்" என்றது தணிந்த குரல். கூடம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "ஒரு அறையில மாட்டிக்கிட்டேன். வியாபாரிகள் சங்கக் கட்டடம், பின்பக்கம் சந்துல ஒரு கதவு. பூட்டு சிக்கிக்கிச்சு. சத்தம் போடாம வந்து திறந்து விடணும்."

"வர்றேங்க. என் நம்பர் எப்படிக் கிடைச்சுது?"

"போன்ல பக்கத்துல யாரு பூட்டுக்காரர்னு தேடினேன். உங்க தளம்தான் சட்டுனு திறந்துச்சு. மேலேயே பெருசா நம்பர் இருக்கு. பார்த்ததும் கூப்பிட்டுட்டேன்."

அவசரத்தில் அது யாருடைய தளம் என்றுகூட அவர் பார்த்திருக்கவில்லை.

"அந்த நம்பர் கூட்டினா எட்டு வருதுங்களே, பரவாயில்லையா?"

"அட, அதெல்லாம் இப்ப எதுக்குய்யா. சீக்கிரம் வாங்க, ஆளுங்க கதவை இடிக்கறாங்க."

கூடம் வெடித்துச் சிரித்தது. உள்ளறையிலும் அந்தச் சிரிப்பு கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அழைப்பு சட்டென்று துண்டிக்கப்பட்டது.

"விடுங்க, ராத்திரி வரைக்கும் உள்ளேயே கிடக்கட்டும்" என்றார் சலவைக்காரர். "பிறந்த நேரத்தை எழுதிக் குடுக்கச் சொல்லு. பதினோரு நாள்ல திறக்கலாம்" என்றார் மெத்தைக் கடைக்காரர். தலையாட்டியதில் முதல் ஆள் அவர்தான். ஆத்திரத்திலும் இப்போது அவர்தான் முதல் ஆள்.

பூட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டார். "உள்ள ஆள் மாட்டிக்கிட்டா முதல்ல கதவு. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் தளஞானியை நினைக்கவில்லை. ஈரத்தரையில் கிடந்த ஒரு பெரியவரை நினைத்தார்.

பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் இருநூறு பேரும் போனார்கள். பூட்டுக்குள் இரண்டு கம்பிகளை விட்டு ஒரு நிமிடம் பத்து வினாடியில் கதவைத் திறந்தார். கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடத் தயாராக நின்றார் தளஞானி. எதிரே அவ்வளவு ஜனத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக் குலுங்கலாமா என்று ஒரு கணம் யோசித்திருப்பார் போல. முகம் ஞானி பாவனைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"எண்ணிக்கைப் பெட்டி எப்படி ஓடுது? நீங்களே சொல்லிடுங்க" என்றாள் அக்கா. "சோதனைச் சீட்டுல எழுதிக்கணும்."

அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "பக்கம் திறந்திருக்கற வரைக்கும் அது சும்மா கூட்டிக்கிட்டே போகும். யார் வந்தாலும் வராட்டியும்."

"படிவமெல்லாம்?"

"அத்தனையையும் யாருங்க படிக்கறது."

"உங்க தளத்துல மட்டும் ஏன் கண்ணு வைக்கல?"

இதற்குத்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படியும் ஒரு கேள்வியா என்பது போல. "வெச்சா எவன் கூப்பிடுவான்?" என்றார்.

அன்று முழுக்க அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். வாங்கிய காணிக்கைகளைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவரால் சந்திலிருந்து வெளியே போக முடிந்தது.

பூட்டுக்காரரின் போன் மறுபடி அடித்தது. யாரோ ஒருவர், மூன்றாவது மாடி, சாவி உள்ளே. அந்தக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்புகிற வழியில் நர்ஸம்மா வீட்டில் இறங்கி, உடைந்த குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். வெளியிலிருந்தும் திறக்கிற வகை. கூலி வாங்கவில்லை. மாமனார் கடை முக்காலியில் அன்றிலிருந்து ஆணிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

கூட்டம் கலைந்துவிட்டது என்று நினைத்தீர்களானால் நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியாது. சந்திலேயே தராசக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். மெத்தைக் கடைக்காரர் கணினியை இரண்டு கையாலும் நீட்டினார். "அம்மா, எங்க தளத்தையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கம்மா. உங்க கை ராசியான கை."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உங்க கடை நம்பரை உங்க தளத்துல நீங்களே தேடிப் பாருங்க. கிடைச்சா என்கிட்ட வர வேண்டாம். கிடைக்கலைன்னாலும் என்கிட்ட வர வேண்டாம், போட்டுக்குங்க."

அவர் நம்பாமல், எந்த நிறத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் தெருமுனை வரை போனார்.

நம் பூட்டுக்காரர் எந்தக் கதவையும் ஒன்றரை நிமிடத்தில் திறந்துவிடுவார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மண்டையை மட்டும் அவரால் திறக்க முடியாது. அதற்குக் கை உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.